சத்தம் கெலரியில்... கோளாறு கல்லாவில்!

உதைபந்தாட்டத்துக்கும் வியாபாரப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தின் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் இன்று நூற்றுக் கணக்கான மில்லியன் பவுண்கள் புரளும் வியாபார நிலையங்கள். அவற்றுக்கு முதலாளி இருக்கிறார், ஊழியர் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் இருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளருக்கு ரசிகர் என்று பெயர். முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே சண்டை மூண்டால் நடுவில் நிற்கும் ஊழியரின் வேலை கெடுமா என்பதுதான் இவ்வாரம் நாம் பார்க்கப் போகும் விடயம்.

கடையில் எனக்கு உதவியாக நிற்கும் மகன் மென்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் தீவிர ரசிகன். தோற்ற மறுநாள் அவனிடம் சரக்கு விலை கேட்டாலும் பதில் வராது. அண்மையில் ஒரு நாள் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு, "வாப்பா, வெளியில நின்று முதலாளிமாருக்கு எதிரா இவ்வளவு கத்தினா உள்ள விளையாடுறவன் எப்படி ஒழுங்கா விளையாடுவான்? நம்மட ஆக்களே நம்மட டீமக் கெடுக்கிறாங்க" என்றான்.

அவன் சொன்னது புதிய கருத்தல்ல. ரசிகர்களின் எதிர்ப்புக்கு ஆளான கழக நிர்வாகங்கள் பலவும் இதையேதான் சொல்லி வந்திருக்கின்றன. "அணிக்குப் பின்னால் நில்லுங்கள், உங்கள் கூச்சல் வீரர்களைக் குழப்புகிறது" என்பது அவர்களின் வழமையான பல்லவி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரி ஒருவன் எந்தக் கணக்கையும் கூட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

77ஆவது நிமிடம்

முதலில் என் மகனின் பக்கத்துக்குச் சாதகமான ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம்.

2016 பெப்ரவரி 6ஆம் திகதி, லிவர்பூல் கழகத்தின் அன்ஃபீல்ட் மைதானம். புதிய பிரதான அரங்கில் மிக உயர்ந்த டிக்கட்டின் விலையை 77 பவுண் ஆக்கப் போவதாகக் கழகம் அறிவித்திருந்தது. அதனை எதிர்த்து ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறுவதென ரசிகர்கள் தீர்மானித்தனர். சண்டர்லேண்ட் அணிக்கு எதிராக லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. சொன்னபடியே 77ஆவது நிமிடத்தில் ஆயிரக் கணக்கானோர் எழுந்து போனார்கள். மீதமிருந்த நிமிடங்களுக்குள் சண்டர்லேண்ட் இரண்டு கோல்களை அடித்தது. ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது.

"பார்த்தீர்களா! ரசிகர் எழுந்து போனார்கள், வெற்றியும் எழுந்து போய்விட்டது" என்று அன்று பலரும் சொன்னார்கள். ஒரேயொரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதாக இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு நாள் விற்பனையை வைத்து ஒரு வருட இலாப நட்டத்தை யாராவது எழுதுவார்களா? கெலரி நிரம்பியிருந்த நாட்களிலும் அந்த அணி முன்னிலையைக் கோட்டை விட்டிருக்கிறது.

அந்த ஆட்டத்துக்குப் பின்னர் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நான்கே நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுண் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே அணி அந்தப் பருவத்திலேயே ஐரோப்பா லீக் இறுதியாட்டம் வரை சென்றது. 2019இல் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தையும் 2020இல் பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றது. எதிர்ப்பினால் அந்த அணி கெட்டுப் போயிருந்தால் இந்தக் கிண்ணங்கள் எங்கிருந்து வந்தன?

பழைய சரக்கில் ஓடிய கடை

இனி என் மகனின் மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வருவோம்.

2005 மே மாதம் அமெரிக்காவைச் சேர்ந்த மல்கம் கிளேசர் இந்தக் கழகத்தைச் சுமார் 790 மில்லியன் பவுண் பெறுமதிக்கு வாங்கினார். வாங்கிய விதம்தான் விசேடம். பணத்தின் பெரும் பகுதி கடன். அக்கடனில் பெருந்தொகை கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. நமது பாஷையில் சொன்னால், கடையை வாங்குவதற்குக் கடன் எடுத்து, அந்தக் கடனுக்கு அதே கடையை ஈடு வைத்து, வட்டியையும் அதே கடையின் கல்லாவிலிருந்து கட்டுவது. அதுவரை கடன் சுமை இல்லாதிருந்த கழகம் ஒரே நாளில் பெருங்கடனாளியானது. வட்டி ஒரு வியாபாரத்தை என்ன செய்யும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். வீதியில் இறங்கினார்கள். ஒரு பகுதியினர் பிரிந்து போய் எஃப்.சி. யுனைட்டட் ஒஃப் மென்செஸ்டர் என்ற சொந்தக் கழகத்தையே 2005இல் ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு கூச்சலுக்கு நடுவே அணி விழுந்ததா? இல்லை. 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டம் வென்றது. 2008இல் மொஸ்கோவில் ஐரோப்பாவின் சம்பியன் ஆனது.

2010 ஜனவரியில் கழகத்தின் மொத்தக் கடன் 716 மில்லியன் பவுண் என்று வெளிவந்ததும் எதிர்ப்பு மீண்டும் வெடித்தது. கழகம் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சை, பொன் நிறச் சால்வைகளை அணிந்து ரசிகர்கள் மைதானத்தை நிரப்பினார்கள். அந்த வருடம் மார்ச்சில் ஏ.சி. மிலான் அணிக்காக ஆட வந்த டேவிட் பெக்காமே ஆட்டம் முடிந்ததும் அந்தச் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் பருவத்தில் யுனைட்டட் ஒரே ஒரு புள்ளியால் செல்சியிடம் பட்டத்தை இழந்தது. அடுத்த பருவத்தில் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. 2013இலும் வென்றது.

அதாவது, எதிர்ப்பு உச்சத்தில் இருந்த வருடங்களில்தான் அணியும் உச்சத்தில் இருந்தது. காரணம் லேசானது. சேர் அலெக்ஸ் ஃபேர்கசன் என்ற திறமையான முகாமையாளர் உள்ளே இருந்தார். அவர் சேர்த்து வைத்த நல்ல சரக்கும் இருந்தது. புதிய முதலாளி பணத்தை வெளியே எடுத்தாலும் பழைய சரக்கிலும் பழைய மனேஜரின் கெட்டித்தனத்திலும் ஒரு கடை சில வருடங்கள் ஓடும். வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு எந்தக் குறையும் தெரியாது. 2013இல் அந்த மனேஜர் ஓய்வு பெற்றதும் இறாக்கைகள் காலியாக இருப்பது தெரிந்தது. அதன் பின்னர் சில கிண்ணங்கள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் 2014 முதல் 2025 வரை ஒரு முறைகூட லீக் பட்டம் கிடைக்கவில்லை. 2024இல் சேர் ஜிம் ரட்க்ளிஃப் கழகத்தின் கால்வாசிக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கி உதைபந்தாட்ட நிர்வாகத்தைக் கையில் எடுத்தும்கூட, 2024/25 பருவத்தில் கழகம் 15ஆம் இடத்தில் முடிந்தது.

வட்டியும் பங்கிலாபமும் ஏனைய செலவுகளும் சேர்ந்து கழகத்திலிருந்து வெளியேறிய தொகை 1 பில்லியன் பவுணைத் தாண்டும் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் கணக்கிட்டிருக்கின்றன. மைதானத்தின் கூரை ஒழுகியது. இதற்கெல்லாம் கெலரியில் கூச்சலிட்ட மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

எட்டு வீரர்கள் மட்டும் இருந்த அணி

இன்னும் தெளிவான சாட்சியம் பிளக்பூல் என்ற சிறிய கடலோர நகரத்தின் கழகம். 2010/11 பருவத்தில் இது பிரீமியர் லீக்கில் ஆடியது. அதனால் பெரும் வருமானம் வந்தது. ஆனால் அப்பணம் அணிக்குள் போகவில்லை. உரிமையாளரான ஓய்ஸ்டன் குடும்பத்தினர் கழகத்தின் பணத்தை முறைகேடாக வெளியே எடுத்தார்கள் என்று 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்காளியான வலேரி பெலோகொனுக்கு 31 மில்லியன் பவுணுக்கு மேல் செலுத்துமாறும் உத்தரவிட்டது.

2014ஆம் ஆண்டு கோடையில் புதிய பருவம் நெருங்கும்போது அந்தக் கழகத்தில் ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள் எட்டுப் பேர் மாத்திரமே. பதினொரு பேர் ஆட வேண்டிய விளையாட்டு இது! அந்தப் பருவத்தில் அணி கடைசி இடத்தில் முடிந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அமர்ந்துகொண்டதால் ஆட்டமே கைவிடப்பட்டது. மறு வருடம் அணி இன்னொரு படி இறங்கியது. இரண்டு தரமிறக்கங்களுக்கும் ஆர்ப்பாட்டமே காரணம் என்று சொல்பவர், எட்டு வீரர்கள் என்ற கணக்கை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

பிளக்பூல் ரசிகர்கள் அதோடு நிற்கவில்லை. இனி ஒரு சதமும் தர மாட்டோம் என்று பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். பதினாறாயிரம் பேர் அமரக் கூடிய மைதானத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் பேர்தான் வந்தார்கள். வியப்பு என்னவென்றால், அந்தப் பகிஷ்கரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே 2017 மே மாதம் அணி வெம்ப்ளியில் எக்ஸிட்டர் அணியை வென்று மேல் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த வெற்றியைப் பார்க்கக் கூடப் பெரும்பாலான ரசிகர்கள் போகவில்லை. சொந்த அணியின் வெற்றியை வீட்டிலிருந்து கேட்டுவிட்டு மனதைக் கட்டுப்படுத்திக்கொண்ட அந்த மனிதர்களின் வேதனையை நினைத்துப் பாருங்கள்.

2019 பெப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த அதிகாரி ஒருவர் கழகத்தைப் பொறுப்பேற்று உரிமையாளரை அகற்றினார். மார்ச் 9ஆம் திகதி நடந்த அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு 15,000 இற்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். கண்ணீர் விட்டபடி படலைகளுக்குள் நுழைந்தவர்களும் உண்டு. 2021இல் அணி இன்னொரு படி உயர்ந்தது. 2023இல் மீண்டும் இறங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல முதலாளி வந்தாலும் வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

காலிக் கெலரியின் விலை

அப்படியானால் ரசிகரின் கோபத்தால் அணிக்கு எந்தப் பாதிப்பும் இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன்.

கொவிட் காலத்தில் ரசிகர் இல்லாத மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தன. 2020/21 பிரீமியர் லீக் பருவத்தில் சொந்த மைதானத்தில் வென்றவர்களை விட வெளியிலிருந்து வந்து வென்றவர்களே அதிகம். இங்கிலாந்தின் முதல்தரப் பிரிவில் அதற்கு முன்னர் இப்படி நடந்ததில்லை. ஆகவே ரசிகரின் குரலுக்கு ஒரு பெறுமதி உண்டு. அதனை எடுத்துவிட்டால் தராசில் சிறிது குறையும்.

ஆட்டத்தைத் தடை செய்தாலும் செலவு உண்டு. 2021 மே 2ஆம் திகதி ரசிகர்கள் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துக்குள் புகுந்ததால் யுனைட்டட், லிவர்பூல் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இதன் விளைவாக யுனைட்டட் ஐந்தே நாட்களுக்குள் மூன்று ஆட்டங்கள் ஆட நேர்ந்தது. முதலாவதில் வென்றது. அடுத்ததில் பத்து வீரர்களை மாற்றி இறக்கி லெஸ்டரிடம் தோற்றது. மூன்றாவதில் லிவர்பூலிடம் 4-2 எனத் தோற்றது. இந்த நட்டத்தில் ஒரு பங்கை ஆர்ப்பாட்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். அந்த நாளில் பொலிஸார் சிலர் காயமடைந்ததையும் எந்தக் கோபத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் எதிர்ப்புத் தொடங்கும்போது இரண்டாம் இடத்தில் இருந்த அணி பருவ முடிவிலும் இரண்டாம் இடத்திலேயே இருந்தது.

அதே வருடம் ஏப்ரல் 18ஆம் திகதி பன்னிரண்டு பெரிய கழகங்கள் சேர்ந்து 'சுப்பர் லீக்' ஒன்றை அறிவித்தன; இரண்டு நாட்களின் பின்னர் செல்சி ரசிகர்கள் சொந்த அணியின் பஸ்ஸையே மறித்தார்கள். அன்று பிரைட்டனுடன் நடந்த ஆட்டம் தாமதமாகத் தொடங்கிக் கோல் எதுவுமின்றி முடிந்தது. வீரர்கள் குழம்பியிருக்கலாம். ஆனால் ஆறு வாரத்துக்குள் அதே செல்சி ஐரோப்பாவின் சம்பியன் ஆனது. ஒரு நாள் குழப்பம் ஒரு பருவத்தைத் தின்றுவிடுவதில்லை.

முதலாளி வேறு, ஊழியர் வேறு

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் எவர்ட்டன் ரசிகர்கள். 2023 ஜனவரியில் அவர்களின் அணி அடிமட்டத்தில் கிடந்தது. பணிப்பாளர் சபையோடு ஏற்பட்ட பகை முற்றிப் போய், பாதுகாப்புக் காரணங்களால் ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்று பணிப்பாளர்களுக்கே அறிவுறுத்தப்பட்டது. அந்த ஆட்டத்தில் சவுத்ஹம்ப்டனிடம் 2-1 எனத் தோற்றார்கள். மாத இறுதிக்குள் முகாமையாளர் நீக்கப்பட்டார்.

பெப்ரவரி 4ஆம் திகதி, அப்போது முதலிடத்தில் இருந்த ஆர்சனல் வந்தது. ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் நிர்வாகத்துக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். ஆட்டம் தொடங்கியதும் அதே தொண்டையால் அணிக்காகக் கத்தினார்கள். எவர்ட்டன் 1-0 என வென்றது. பருவத்தின் கடைசி நாளில் போர்ண்மவுத்தை வென்று தரமிறக்கத்திலிருந்தும் தப்பியது. மைதானத்துக்கு வெளியில் எதிர்ப்பு, உள்ளே ஆதரவு. முதலாளியோடு இருக்கும் வழக்கைக் கடையில் நிற்கும் பையனின் மீது காட்டாத வாடிக்கையாளரின் பண்பு இது.

எங்கே பட்டால் வலிக்கும்?

எதிர்ப்பு அணியைத் தொடுகிறதா என்பதை விட அது உரிமையாளரைத் தொடுகிறதா என்பதே பெரிய கேள்வி. பிரீமியர் லீக் கழகங்கள் பலவற்றுக்குத் தொலைக்காட்சிப் பணமே பிரதான வருமானம். பத்தாயிரம் இருக்கைகள் காலியாக இருந்தாலும் அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும். சிறிய கழகமான பிளக்பூலில் பகிஷ்கரிப்புக்குப் பலம் இருந்தது. பெரிய கழகத்தில் அது மட்டும் போதாது.

இதனை விளங்கிக்கொண்டவர்கள் வேறு வாசலைத் தட்டினார்கள். 2010இல் லிவர்பூலின் உரிமையாளர்களான ஹிக்ஸ், ஜில்லெட் ஆகிய இருவரும் வங்கிக் கடனில் மூழ்கியிருந்தபோது, புதிய கடன் கொடுக்கக் கூடும் என்று கருதப்பட்ட நிதி நிறுவனங்களுக்கு ரசிகர்கள் மின்னஞ்சல்களைக் குவித்தார்கள். கடன் கிடைக்கவில்லை. அந்த ஒக்டோபரில் 300 மில்லியன் பவுணுக்குக் கழகம் கைமாறியது. 2021இல் யுனைட்டட் ரசிகர்கள் அனுசரணை நிறுவனங்களின் பொருட்களைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்ததும், பயிற்சி உடைக்கு அனுசரணை தரவிருந்த ஓர் இணைய வர்த்தக நிறுவனம் பின்வாங்கியதாகச் செய்தி வந்தது. ஜேர்மனியில் ஒளிபரப்பு வருமானத்தின் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் டெனிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சுப்பர் லீக்கிலிருந்து ஆறு ஆங்கிலக் கழகங்களும் விலக இரண்டு நாட்கள்தான் எடுத்தன.

இவற்றில் எதுவும் ஒரு வீரனைத் திட்டிக் கிடைத்த வெற்றி அல்ல. கணக்குக் கொப்பி எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கதவைத் தட்டியதால் கிடைத்தவை.

ஆகவே என் மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஆர்ப்பாட்டமும் தோல்வியும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்று மற்றதைப் பெற்றது என்று நினைக்கிறாய். இரண்டுக்கும் தகப்பன் ஒருவன்தான். அவன் கெட்ட நிர்வாகம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு வைத்தியர் அடிக்கடி வருகிறார் என்பதற்காக வைத்தியரால்தான் நோய் வந்தது என்று சொல்வாயா?

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஆனாலும் வாப்பா, மேட்ச் நடக்கிற நேரம் கத்தக் கூடாது" என்றான். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறவன் இன்னும் அந்தக் கடையைத் தன்னுடையது என்று நினைக்கிறான். அதனால்தான் பிளக்பூலில் நாலு வருடம் வெளியில் நின்றவர்கள் ஒரே நாளில் திரும்பி வந்தார்கள். சத்தமில்லாமல் எதிர்க் கடைக்குப் போனவன் திரும்ப மாட்டான். நமது கடையில் ஒருவர் குரலை உயர்த்தினால், "இவரால் வியாபாரம் கெடுகிறது" என்று பையனிடம் சொல்லி அவரை வெளியே அனுப்புவதற்கு முன், ஒரு தடவை நமது கல்லாவையும் கணக்கையும் திறந்து பார்ப்போம். கோளாறு அங்கேயே இருக்கக் கூடும்.